ஜார்ஜ் வாலஸ்

ஜார்ஜ் கோர்லி வாலஸ் (1919 ஆகஸ்ட் 25 – 1998 செப்டம்பர் 13) ஓர் அமெரிக்க அரசியல்வாதி. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தின் ஆளுநராக நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்டு, 1963–1967, 1971–1979, 1983–1987 ஆகிய காலப்பகுதிகளில் ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் பதவி வகித்தவர். டெமாக்ரட்டிக் கட்சி எனப்படும் மக்களாட்சிக் கட்சியைச் சேர்ந்தவர். 1964, 1968, 1972, 1976 ஆகிய ஆண்டுகளில் நாட்டின் குடியரசுத் தலைவர் பதவிக்கு முயன்று தோல்வியுற்றார்.

கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் பள்ளி, பேருந்து, உணவகம் முதலிய பொது இடங்களில் பிரித்து வைக்கும் இன ஒதுக்கல் முறைக்கு ஆதரவாக 1960களில் அமெரிக்காவில் எழுந்த மிக உரத்த குரல் இவருடையதே. 1972இல் துப்பாக்கியால் சுடப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த இவர், பிற்காலத்தில் தாம் தவறிழைத்ததாக ஒப்புக்கொண்டு கறுப்பின மக்களிடம் மன்னிப்புக் கோரினார். இவருடைய கடைசித் தேர்தல் வெற்றியில் கறுப்பின வாக்காளர்களுக்கும் பங்குண்டு.

அமெரிக்க மாநில ஆளுநர் பதவி இந்திய மாநில ஆளுநர் பதவியைப் போன்றதன்று. அவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். மாநில அரசின் செயல்தலைவர். அதிகாரத்தில் இந்திய மாநில முதலமைச்சருடன் ஒப்பிடத்தக்கவர்.

பிறப்பும் இளமையும்

வாலஸ் அலபாமாவின் தென்கிழக்கில் பார்பர் மாவட்டத்தைச் சேர்ந்த கிளையோ என்னும் சிற்றூரில் பிறந்தார். நான்கு பிள்ளைகளுள் மூத்தவர். தந்தை வேளாண்மை செய்து பெரிதும் முன்னேற முடியாதவர். பாட்டனார் ஊரில் மதிக்கப்பட்ட மருத்துவர். பருத்தி விலை வீழ்ச்சியும் 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியும் அப்பகுதியை வறுமையில் ஆழ்த்தியிருந்தன. அந்த வறுமையை நேரில் கண்டு வளர்ந்ததால், ஏழை வெள்ளையரின் மனக்குறைகளை அவர்களுடைய மொழியிலேயே பேசும் திறன் இவருக்கு இயல்பாக அமைந்தது.

சிறுவயதிலேயே குத்துச்சண்டையில் ஈடுபட்டு, உயர்நிலைப் பள்ளி மாணவராக இருக்கும்போது மாநிலப் பட்டம் வென்றார். 1935இல் அலபாமா மாநில மேலவையில் ஏவலராகப் பணிபுரியும் வாய்ப்பை ஒரு போட்டியின் மூலம் பெற்றார். ஒருநாள் தாமே ஆளுநராவது என்ற எண்ணம் அப்பொழுதே இவருக்கு உண்டாகிவிட்டது.

1937இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சிறிது காலத்திலேயே தந்தையார் மறைந்தார். கிடைத்த வேலைகளைச் செய்து படிப்பைத் தொடர்ந்து 1942இல் சட்டப் பட்டம் பெற்றார். அங்கு இவருடன் சட்டம் பயின்றவர்களுள் ஒருவர் ஃபிராங்க் ஜான்சன். பின்னாளில் கூட்டரசு நீதிபதியாகி, வாலசின் அரசியல் வாழ்வு நெடுகிலும் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தவர் இவரே.

1943இல் கடையொன்றில் எழுத்தராக இருந்த பதினாறு வயது லர்லீன் பர்ன்ஸ் என்பவரை மணந்தார். இவர்களுக்கு நான்கு குழந்தைகள். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் சேர்ந்த வாலஸ், பயிற்சியின்போது மூளையுறை அழற்சி நோயால் சாவின் விளிம்பு வரை சென்று மீண்டார். கேட்கும் திறன் ஓரளவு குறைந்தது. 1945இல் பி-29 குண்டுவீச்சு விமானத்தில் விமானப் பொறியாளராக ஜப்பான் மீதான தாக்குதல்களில் பங்கேற்றார். அந்தப் படைப்பிரிவுகளுக்குத் தலைமை தாங்கிய தளபதி கர்டிஸ் லெமே இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் வாலசின் தேர்தல் துணையானார்.

சட்டமன்ற உறுப்பினர், நீதிபதி

1946இல் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இக்காலத்து வாலசைப் பின்னாளைய வாலசுடன் ஒப்பிடுவோருக்கு வியப்பே எஞ்சும். தொழிற்பயிற்சிப் பள்ளிகள் அமைக்கவும், புதிய தொழிற்சாலைகளை மாநிலத்துக்கு ஈர்க்கவும் இவர் கொண்டுவந்த சட்டங்கள் இவர் பெயராலேயே அறியப்பட்டன. கறுப்பின மாணவருக்கான புகழ்பெற்ற டஸ்கீகி கல்வி நிறுவனத்தின் அறங்காவலர் குழுவில் தம்மை நியமிக்குமாறு தாமே கேட்டுப் பெற்றார். 1948இல் நடந்த மக்களாட்சிக் கட்சியின் தேசிய மாநாட்டில், குடியுரிமைகள் தொடர்பான தீர்மானத்தை எதிர்த்துத் தென்மாநிலப் பேராளர்கள் பலர் வெளிநடப்புச் செய்தபோது, அத்தீர்மானத்தில் உடன்பாடில்லாத போதிலும் வாலஸ் மாநாட்டை விட்டு வெளியேறவில்லை. அக்கால அலபாமாவில் ஏழைகள் சார்பாகப் பேசியவரும் இனப் பிரச்சினையில் மிதவாதியுமான ஆளுநர் ஜிம் ஃபோல்சமின் அணியைச் சேர்ந்தவராக இவர் கருதப்பட்டார்.

1952இல் வட்டார நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கறுப்பின வழக்கறிஞர்களை மரியாதைச் சொல் எதுவுமின்றிப் பெயர் சொல்லியே அழைப்பது தென்மாநில நீதிமன்றங்களில் அன்று வழக்கமாக இருந்தது. தம்மை "மிஸ்டர்" என்று மரியாதையுடன் அழைத்த முதல் நீதிபதி வாலஸ்தான் என்று கறுப்பின வழக்கறிஞர் ஜே. எல். செஸ்ட்நட் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

1958ஆம் ஆண்டுத் தோல்வி

அன்றைய அலபாமாவில் குடியரசுக் கட்சிக்கு வலிமை இல்லை. ஆகவே மக்களாட்சிக் கட்சியின் வேட்பாளரைத் தெரிவு செய்யும் உட்கட்சித் தேர்தலே உண்மையான தேர்தலாக இருந்தது. 1958இல் ஆளுநர் பதவிக்கான அத்தேர்தலில் வாலஸ் முதன்முறையாகப் போட்டியிட்டார். எதிர்த்து நின்ற ஜான் பேட்டர்சன், மாநிலத் தலைமை வழக்கறிஞராக இருந்தபோது கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்துக்கு அலபாமாவில் 1956இல் நீதிமன்றத் தடை பெற்றவர். கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறி இயக்கம் பேட்டர்சனை ஆதரித்தது. வாலஸ் அந்த ஆதரவைக் கண்டித்துப் பேசினார்; தேசியச் சங்கத்தின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. தேர்தலில் பேட்டர்சன் தெளிவான வெற்றி பெற்றார்.

இனப் பிரச்சினையில் இனி ஒருவரும் தம்மைவிடக் கடுமையாகப் பேசிவிட முடியாது என்று, கறுப்பினத்தவரை இழிக்கும் சொல்லொன்றைப் பயன்படுத்தி, வாலஸ் அத்தோல்வியின்போது தம் நண்பர்களிடம் சூளுரைத்ததாக உடனிருந்தவர்கள் கூறியுள்ளனர். அவ்வாறு சொல்லவில்லை என்று வாலஸ் மறுத்து வந்தார். சொன்னாரோ இல்லையோ, அதன் பின்னர் அவர் அவ்வாறே நடந்துகொண்டார்.

அதற்கான முதல் வாய்ப்பு விரைவில் வந்தது. கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை மறுக்கப்படுவதை ஆராய்ந்த கூட்டரசின் குடியுரிமைகள் ஆணையம், அவருடைய நீதிமன்ற எல்லைக்குட்பட்ட வாக்காளர் பதிவேடுகளைக் கேட்டது. கொடுக்க மாட்டேன் என்று வாலஸ் மேடைகளில் முழங்கினார். 1959 தொடக்கத்தில் அவற்றை ஒப்படைக்குமாறு ஃபிராங்க் ஜான்சன் ஆணையிட்டார். வாலஸ் பதிவேடுகளை உள்ளூர் நடுவர் குழுக்களிடம் கொடுக்க, அவை ஆணையத்தின் கைக்குச் சென்றன. ஆணைக்குக் கீழ்ப்படிந்ததால் அவர் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி அல்லர் என்று ஜான்சன் தீர்ப்பளித்தார். வாலசோ கூட்டரசை எதிர்த்து வென்றதாகப் பரப்புரை செய்து, "போராடும் நீதிபதி" என்ற பெயரைப் பெற்றார். எதிர்ப்பதுபோல் எதிர்த்துப் பின் பணிந்து, பணிந்ததையே வெற்றியாகக் காட்டும் இந்த முறையை அவர் பின்னரும் பலமுறை கையாண்டார்.

முதல் பதவிக்காலம்

1962இல் முன்னாள் தலைவர் ஃபோல்சம் உள்ளிட்டோரைத் தோற்கடித்து ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1963 ஜனவரி 14 அன்று, தலைநகர் மான்ட்கமரியில் பதவியேற்றார். அடிமை முறையைக் காக்கப் பிரிந்து சென்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவராக ஜெபர்சன் டேவிஸ் 1861இல் பதவியேற்ற அதே இடத்தில் நின்று அவர் ஆற்றிய உரையில், இன ஒதுக்கல் இன்றும் இருக்கும், நாளையும் இருக்கும், என்றென்றும் இருக்கும் என்று அறிவித்தார். அவ்வுரையை எழுதிக் கொடுத்தவர் ஏசா கார்ட்டர் என்னும் கிளான் இயக்கத் தலைவர். (இந்தக் கார்ட்டரே பின்னர் ஃபாரஸ்ட் கார்ட்டர் என்ற புனைபெயரில், செரோக்கி பழங்குடிச் சிறுவன் ஒருவனின் தன்வரலாறு போன்ற நூலை எழுதிப் பெரும்புகழ் பெற்றார்.)

அவ்வாண்டு வசந்த காலத்தில் பர்மிங்ஹாம் நகரில் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் நடந்த அறப்போராட்டத்தின்போது, சிறுவர் சிறுமியர் மீது காவல் நாய்களும் தீயணைப்புக் குழாய் நீரும் ஏவப்பட்ட காட்சிகள் உலகெங்கும் பரவின. அடுத்து அனைவரின் பார்வையும் டஸ்கலூசாவில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தின் மீது விழுந்தது. 1956இல் அங்கு சேர்ந்த கறுப்பின மாணவி ஆதரின் லூசி, வெள்ளையரின் வன்முறைக்குப் பின் வெளியேற்றப்பட்டிருந்தார். அதன் பிறகு கறுப்பினத்தவர் எவரும் அங்கு படிக்கவில்லை. விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் ஆகிய இருவரைச் சேர்த்துக்கொள்ளுமாறு 1963இல் நீதிமன்றம் ஆணையிட்டது. பள்ளி வாயிலில் தாமே நின்று தடுப்பதாக வாலஸ் தேர்தலின்போது வாக்களித்திருந்தார்.

ஜூன் 11 அன்று ஃபாஸ்டர் அரங்கத்தின் வாயிலில் தொலைக்காட்சிக் கருவிகளுக்கு முன் வாலஸ் நின்றார். நிற்க வேண்டிய இடம்கூட முன்னதாகவே தரையில் குறிக்கப்பட்டிருந்தது. கூட்டரசின் துணைத் தலைமை வழக்கறிஞர் நிக்கலஸ் காட்சன்பாக் வழிவிடுமாறு கேட்டபோது, மாநில உரிமைகள் பற்றிய நீண்ட அறிக்கையை வாலஸ் வாசித்தார். மாணவர் இருவரும் அப்போது வெளியே வண்டியில் காத்திருந்தனர். குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி அலபாமாவின் தேசியக் காவற்படையைக் கூட்டரசின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தார். சில மணி நேரத்தில் அப்படையின் தளபதி ஹென்றி கிரகாம் வந்து, விலகி நிற்குமாறு கேட்பது தம் வருந்தத்தக்க கடமை என்றார். வாலஸ் சிறிது பேசிவிட்டு அகன்றார். மாணவர்கள் பதிவு செய்துகொண்டனர்.

உயிர்ச்சேதம் ஏதுமின்றி முடிந்ததால் இதை ஒரு நாடகம் என்று கூறுவோர் உண்டு. எனினும் விளைவுகள் நாடகமல்ல. அன்றிரவே கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி, பின்னர் 1964ஆம் ஆண்டின் குடியுரிமைகள் சட்டமாக உருவெடுத்த சட்டமுன்வரைவை அறிவித்தார். அவ்வுரை முடிந்த சில மணி நேரத்தில், அண்டை மாநிலமான மிசிசிப்பியில் கறுப்பினத் தலைவர் மெட்கர் எவர்ஸ் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பரில் அலபாமாவின் பள்ளிகள் திறந்தபோது, நீதிமன்ற ஆணையை மீறிக் கறுப்பினச் சிறுவர்களைத் தடுக்க வாலஸ் மாநிலக் காவலர்களை அனுப்பினார். அம்மாதம் 15ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை பர்மிங்ஹாமின் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கிளான் இயக்கத்தினர் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமியர் மாண்டனர். அச்சிறுமியரின் இரத்தக்கறை உம் கைகளில் படிந்துள்ளது என்று கிங் வாலசுக்குத் தந்தி அனுப்பினார்.

1964இல் வாலஸ் குடியரசுத் தலைவர் வேட்பாளர் தெரிவுக்கான உட்கட்சித் தேர்தல்களில் வடமாநிலங்களுக்கும் சென்று போட்டியிட்டார். விஸ்கான்சினில் மூன்றில் ஒரு பங்கு, இந்தியானாவில் ஏறக்குறைய 30 விழுக்காடு, மேரிலாந்தில் ஏறக்குறைய 43 விழுக்காடு வாக்குகள் கிடைத்தன. இன வெறுப்பு தெற்கின் நோய் மட்டுமே என்று எண்ணியிருந்த வடவருக்கு இம்முடிவுகள் அதிர்ச்சியளித்தன.

செல்மா

1965 பெப்ரவரியில், வாக்குரிமைப் போராட்டத்தில் கலந்துகொண்ட ஜிம்மி லீ ஜாக்சன் என்ற கறுப்பின இளைஞர் மாநிலக் காவலர் ஒருவரால் சுடப்பட்டு இறந்தார். இதற்கு நீதி கேட்டுச் செல்மா நகரிலிருந்து மான்ட்கமரிக்கு நடைப்பயணம் செல்லப் போராட்டக்காரர்கள் முடிவு செய்தனர். வாலஸ் அதற்குத் தடை விதித்தார். மார்ச் 7 அன்று எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்து வந்த ஏறத்தாழ 600 பேரை, ஆல் லிங்கோவின் தலைமையிலான மாநிலக் காவலர்கள் தடிகளாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கினர். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிசின் மண்டை உடைந்தது. "குருதி ஞாயிறு" எனப்படும் அந்நிகழ்வின் காட்சிகள், நாசிகளின் குற்ற விசாரணை பற்றிய திரைப்படம் ஒன்றை இடைநிறுத்தி அன்றிரவே தொலைக்காட்சியில் காட்டப்பட்டன.

மார்ச் 13 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் வாலசை வெள்ளை மாளிகையில் சந்தித்து மூன்று மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார். நடைப்பயணத்தை அனுமதித்துத் தீர்ப்பளித்தவர் வாலசின் பழைய வகுப்புத் தோழர் நீதிபதி ஜான்சன். (இரு ஜான்சன்களும் உறவினர் அல்லர்.) மார்ச் 25 அன்று ஏறத்தாழ 25,000 பேர் மாநிலத் தலைமைச் செயலகத்தின் படிகளை அடைந்தபோது வாலஸ் வெளியே வரவில்லை, சன்னல் திரையின் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் மாதம் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. வாலஸ் தடுக்க முயன்ற சட்டம் அது. அதன்வழி வாக்குப் பெற்றவர்களிடமே பின்னர் அவர் வாக்குக் கேட்க வேண்டியதாயிற்று.

லர்லீன் வாலஸ்

அலபாமாவின் அரசியலமைப்பின்படி ஆளுநர் ஒருவர் தொடர்ந்து இரண்டாம் முறை பதவி வகிக்க இயலாது. அதை மாற்ற வாலஸ் எடுத்த முயற்சி 1965இல் மாநில மேலவையில் தோற்றது. ஆகவே 1966 தேர்தலில் மனைவி லர்லீனை நிறுத்தினார். ஆட்சி நடத்தப்போவது யார் என்பதை இருவரும் மறைக்கவில்லை. லர்லீன் பெருவெற்றி பெற்று அலபாமாவின் முதல் பெண் ஆளுநரானார்.

இவ்வெற்றியின் பின்னணி துயரமானது. லர்லீனுக்குப் புற்றுநோய் இருக்கலாம் என்பதை மருத்துவர்கள் 1961இலேயே கண்டு, அக்கால வழக்கப்படி கணவரிடம் மட்டும் தெரிவித்தனர். வாலஸ் அதை மனைவிக்குச் சொல்லவில்லை. 1965இல்தான் லர்லீனுக்கு உண்மை தெரிய வந்தது. அறுவை சிகிச்சைகளுக்கு இடையே தேர்தலைச் சந்தித்தார். ஆளுநரான பின் டஸ்கலூசாவில் மனநோயாளிகளும் மனவளர்ச்சி குன்றியோரும் வைக்கப்பட்டிருந்த மாநில விடுதிகளைப் பார்வையிட்டுக் கண்கலங்கி, அவற்றின் சீரமைப்புக்கு நிதி ஒதுக்கச் செய்தார். தம் விருப்பப்படி அவர் செய்த பணியாக இதுவே பெரிதும் குறிப்பிடப்படுகிறது. 1968 மே 7 அன்று 41ஆம் வயதில் பதவியிலிருக்கும்போதே காலமானார். துணை ஆளுநர் ஆல்பர்ட் பிரூவர் ஆளுநரானார்.

1968ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தல்

மனைவி இறந்த சில வாரங்களிலேயே வாலஸ் மீண்டும் பரப்புரையில் இறங்கினார். இம்முறை அமெரிக்க சுயேச்சைக் கட்சி என்னும் மூன்றாம் கட்சியின் வேட்பாளராக நின்றார். இரு பெரிய கட்சிகளுக்கும் இடையே காலணா வேறுபாடும் இல்லை என்பது இவர் வாதம். இன ஒதுக்கல் என்ற சொல்லைப் பெரும்பாலும் தவிர்த்து, சட்டம் ஒழுங்கு, மாநில உரிமை, வாஷிங்டன் அதிகாரிகளின் ஆணவம், வியட்நாம் போரை எதிர்க்கும் மாணவர்களின் திமிர் என்றே பேசினார். கேட்பவருக்குப் பொருள் விளங்கியது. செப்டம்பர் மாதக் கருத்துக்கணிப்புகளில் இவருக்கு 20 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ஆதரவு இருந்தது. துணை வேட்பாளரான தளபதி லெமே அறிமுகக் கூட்டத்திலேயே அணுகுண்டைக் கண்டு மக்கள் தேவையின்றி அஞ்சுவதாகப் பேசியது ஆதரவைக் குறைத்தது.

முடிவில் ஏறத்தாழ 99 இலட்சம் வாக்குகளை (13.5 விழுக்காடு) பெற்று, அலபாமா, ஆர்கன்சா, ஜார்ஜியா, லூசியானா, மிசிசிப்பி ஆகிய ஐந்து மாநிலங்களில் வென்றார். தேர்வாளர் குழுவில் 46 வாக்குகள் கிடைத்தன. இரு பெரிய கட்சிகளுக்கும் வெளியே நின்ற வேட்பாளர் எவரும் அதன் பிறகு ஒரு மாநிலத்தைக்கூட வென்றதில்லை. வென்ற ரிச்சர்ட் நிக்சன், வாலசின் வாக்காளர்களைக் குடியரசுக் கட்சியின் பக்கம் ஈர்ப்பதைத் தம் உத்திகளுள் ஒன்றாகக் கொண்டார்.

அவ்வச்சம் காரணமாகவே 1970இல் அலபாமா ஆளுநர் தேர்தலில் வாலசைத் தோற்கடிக்க, எதிர்த்து நின்ற பிரூவருக்கு நிக்சன் தரப்பிலிருந்து 4,00,000 டாலர் இரகசியமாகக் கொடுக்கப்பட்டது. வாட்டர்கேட் விசாரணைகளின்போது இது வெளிவந்தது. முதற்சுற்றில் பிரூவர் முந்தினார். இரண்டாம் சுற்றில் வாலஸ் தரப்பு கறுப்பினத்தவரைக் காட்டி வெள்ளையரை அச்சுறுத்தும் விளம்பரங்களை வெளியிட்டு வென்றது. அவருடைய தேர்தல்களுள் மிகவும் இழிவானது இதுவே எனலாம். 1971 ஜனவரியில், ஃபோல்சமின் உடன்பிறந்தார் மகளான கொர்னீலியாவை மணந்து மீண்டும் ஆளுநரானார்.

துப்பாக்கிச் சூடு

1972இல் மீண்டும் மக்களாட்சிக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக முயன்றார். பள்ளிகளில் இனக்கலப்பை ஏற்படுத்தச் சிறுவர்களைப் பேருந்துகளில் தொலைவிலுள்ள பள்ளிகளுக்கு அனுப்பும் திட்டத்தை எதிர்த்து, புளோரிடாவில் 42 விழுக்காடு வாக்குகளுடன் எல்லா மாவட்டங்களிலும் முதலிடம் பெற்றார். மே 15 அன்று மேரிலாந்து மாநிலம் லாரல் நகரின் கடைவளாகம் ஒன்றில் பேசி முடித்துக் கூட்டத்தினருடன் கைகுலுக்கியபோது, ஆர்தர் பிரெமர் என்னும் 21 வயது இளைஞன் அவரை மிக அருகிலிருந்து பலமுறை சுட்டான். மேலும் மூவர் காயமுற்றனர். குண்டொன்று தண்டுவடத்தில் பாய்ந்ததால் வாலசுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வும் இயக்கமும் அற்றுப்போயின. பிரெமருக்கு அரசியல் நோக்கம் இருக்கவில்லை. புகழ் வேண்டியே சுட்டதாக அவனுடைய நாட்குறிப்பு காட்டியது. மறுநாள் நடந்த மேரிலாந்து, மிச்சிகன் தேர்தல்களில் வாலஸ் வென்றபோதிலும் அவருடைய பரப்புரை அத்துடன் முடிந்தது.

மருத்துவமனைக்கு வந்து பார்த்தவர்களுள் சர்லி சிசம் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் உறுப்பினரான அவரும் அதே தேர்தலில் வாலசுக்கு எதிராகப் போட்டியிட்டுக் கொண்டிருந்தார். உங்களுக்கு நேர்ந்தது எவருக்கும் நேரக்கூடாது என்று அவர் சொன்னதும் வாலஸ் அழுததாகச் சிசம் பின்னர் கூறினார். இச்சந்திப்புக்காகச் சிசமின் ஆதரவாளர்களே அவரைக் கண்டித்தனர். வீட்டு வேலை செய்வோருக்குக் குறைந்தபட்ச ஊதியம் வழங்கும் சட்டத்துக்கு அவர் ஆதரவு திரட்டியபோது தென்மாநில உறுப்பினர்களின் வாக்குகளைப் பெற வாலஸ் உதவினார்.

ஆட்சியும் நிர்வாகமும்

வாலஸ் காலத்தில் இரண்டாண்டுக் கல்லூரிகளும் தொழிற்பள்ளிகளும் மாநிலமெங்கும் பெருகின. மாணவர்களுக்கு இலவசப் பாடநூல்கள் வழங்கப்பட்டன, சாலைகள் போடப்பட்டன. இவற்றால் கறுப்பினத்தவரும் பயன் பெற்றனர். ஆனால் செலவின் பெரும்பகுதி விற்பனை வரியிலிருந்து வந்தது. அது ஏழைகளையே கூடுதலாக அழுத்தும் வரி. பெருநில உடைமையாளர்களின் சொத்து வரி மிகக் குறைவாகவே இருந்தது. ஏழைகளின் தோழராகத் தம்மைக் கூறிக்கொண்ட ஆளுநரின் ஆட்சியில் இது மாறவில்லை. ஆண்டின் பெரும்பகுதியைப் பிற மாநிலங்களில் பரப்புரையில் கழித்ததால் நிர்வாகத்தில் அவர் கவனம் செலுத்தவில்லை என்ற குறையும் உண்டு.

அரசு செய்யத் தவறியதை நீதிமன்றம் செய்தது. மாநில மனநல மருத்துவமனைகளின் நோயாளிகளுக்குச் சிகிச்சை பெறும் உரிமை உண்டு என்று நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் 1971இல் தீர்ப்பளித்து, அடுத்த ஆண்டு குறைந்தபட்சத் தர அளவுகளை வகுத்தார். 1976இல் அலபாமாச் சிறைகளின் நிலை அரசியலமைப்புக்கு முரணான கொடுமை என்று தீர்ப்பளித்தார். வாலஸ் அவரை மேடைகளில் பொய்யர் என்றும் இன்னும் இழிவாகவும் ஏசினார். 1967இல் ஜான்சனின் தாயார் வீட்டில் குண்டு வெடித்ததை எண்ணிப் பார்க்கையில், அவ்வேச்சுகள் வெறும் சொற்களாக நின்றுவிடவில்லை என்பது விளங்கும்.

அரசியலமைப்பு 1968இல் திருத்தப்பட்டிருந்ததால் 1974இல் தொடர்ந்து மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1976இல் குடியரசுத் தலைவர் வேட்பாளராக மீண்டும் முயன்று, புதிய தெற்கின் பிரதிநிதியாக வந்த ஜிம்மி கார்ட்டரிடம் தோற்று, அவரையே ஆதரித்தார். அதே ஆண்டு, "ஸ்காட்ஸ்பரோ இளைஞர்கள்" வழக்கில் எஞ்சியிருந்த கிளாரன்ஸ் நாரிசுக்கு மன்னிப்பு வழங்கும் ஆணையில் கையொப்பமிட்டார். 1931இல் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மீது பொய்யாகச் சுமத்தப்பட்ட பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு அது.

மனமாற்றமும் இறுதிப் பதவிக்காலமும்

1979இல் பதவியை விட்டு விலகியபோது வாலஸ் தீராத உடல்வலியில் இருந்தார். கொர்னீலியாவுடனான மணவாழ்வும் முறிந்திருந்தது. அவ்வாண்டு மான்ட்கமரியில் கிங் முன்பு போதகராக இருந்த டெக்ஸ்டர் சாலை பாப்டிஸ்ட் தேவாலயத்துக்கு அறிவிப்பின்றிச் சக்கர நாற்காலியில் சென்று, தாம் துன்புற்ற பின்பே கறுப்பின மக்கள் பட்ட துன்பத்தை ஓரளவு உணர முடிந்ததாகக் கூறி மன்னிப்புக் கேட்டார். ஜான் லூயிஸ் முதலிய குடியுரிமைப் போராட்டத் தலைவர்களையும் தனித்தனியே சந்தித்தும் தொலைபேசியில் அழைத்தும் பேசினார்.

1982இல் மீண்டும் ஆளுநர் தேர்தலில் நின்றார். தேசிய அளவிலான கறுப்பினத் தலைவர்கள் பலர் எதிர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்மில்லனை ஆதரித்தனர். ஆயினும் உட்கட்சித் தேர்தலில் கறுப்பின வாக்காளருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வாலசுக்கு வாக்களித்தனர். அவர்கள் இல்லாமல் அவர் வென்றிருக்க இயலாது. பொதுத் தேர்தலில் குடியரசுக் கட்சியின் எமரி ஃபோல்மரை எளிதில் வென்றார். இப்பதவிக்காலத்தில் மாநில வாரியங்களிலும் பதவிகளிலும் கறுப்பினத்தவரை முன்னெப்போதும் இல்லாத எண்ணிக்கையில் நியமித்தார். உடல்நலம் கருதி 1986 ஏப்ரலில் ஓய்வை அறிவித்து, 1987 ஜனவரியில் பதவி விலகினார்.

இம்மனமாற்றம் எவ்வளவு உண்மையானது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கறுப்பினத்தவர் வாக்குப் பெற்ற பின் வாக்குக்காகவே மாறினார் என்போர், 1958க்குப் பின் நிகழ்ந்த மாற்றத்தையும் சான்றாகக் காட்டுவர். தேர்தலில் நிற்கும் எண்ணம் அறவே நீங்கிய பின்னும் அவர் மன்னிப்புக் கேட்பதை நிறுத்தவில்லை என்பது மறுதரப்பின் விடை. 1995இல் செல்மா நடைப்பயணத்தின் முப்பதாம் ஆண்டு நினைவாக மான்ட்கமரி வந்தவர்களை வாலஸ் வரவேற்றார். செவித்திறனும் பேசும் வலிமையும் குன்றியிருந்ததால் அவருடைய அறிக்கையை உதவியாளர் ஒருவர் வாசித்தார். 1996இல், லர்லீன் பெயரால் நிறுவப்பட்ட வீரத்துக்கான விருதின் முதல் பரிசை, முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் தாம் வாயிலில் நின்று தடுத்த விவியன் மலோனுக்கு வழங்கினார். மலோன் 1965இல் அப்பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பினப் பட்டதாரியானவர். மற்றவரான ஜேம்ஸ் ஹூட் முதலாண்டிலேயே விலகிச் சென்று, நெடுங்காலத்துக்குப் பின் திரும்பி வந்து 1997இல் அங்கேயே முனைவர் பட்டம் பெற்றார்.

மறைவு

வாலஸ் 1998 செப்டம்பர் 13 அன்று மான்ட்கமரி மருத்துவமனையில் 79ஆம் வயதில் காலமாகி, லர்லீனின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். செல்மாவில் மண்டை உடைபட்ட ஜான் லூயிஸ், தாம் வாலசை மன்னித்துவிட்டதாக நியூயார்க் டைம்ஸ் இதழில் கட்டுரை எழுதினார். வாலசின் மன்னிப்புக் கடிதத்தை 1995இலேயே பெற்ற பிரெமர், 2007இல் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டான்.

வாலசின் வாழ்க்கையை வரலாற்றாசிரியர் டான் கார்ட்டர் 1995இல் விரிவான நூலாக எழுதினார். 1997இல் ஜான் பிராங்கன்ஹைமர் இயக்கிய தொலைக்காட்சிப் படத்தில் கேரி சினிஸ் வாலசாக நடித்தார். மகள் பெக்கி வாலஸ் கென்னடி தந்தையின் கொள்கைகளை வெளிப்படையாக மறுத்து, 2009இல் ஜான் லூயிசுடன் கைகோத்து எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்தார். 2021இல் பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகம் தன் உடற்பயிற்சிக் கட்டடம் ஒன்றுக்குச் சூட்டியிருந்த வாலசின் பெயரை நீக்கியது.